கானாற்று ஊற்றும் நகராட்சி எல்லைக்கல்லும்

சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். என்னிடம் நல்லதாக நாலு வார்த்தை கிடையாது. கோபம்தான் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அது இன்னும் ஓய்வு பெறவில்லை. டாக்டர் ரத்தக் கொதிப்பு என்கிறார். மாத்திரை தருகிறார். விழுங்கிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த நகராட்சியின் பழைய விதிப்புத்தகத்தில், மலக்கிடங்கு எங்கெங்கே இருக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. வீடு, தோப்பு, கிணறு என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ‘ஆற்று மணலில் தோண்டிக் குடிநீர் எடுக்கும் இடங்களும்’ என்று முடியும். உங்களில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, மணலுக்கெல்லாமா விதி போட்டார்கள் என்று சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரித்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது எப்படி வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அது ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர். பெயர் வேண்டாம், இன்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் தலையில் பழைய பழி விழக்கூடாது. ஐம்பதுகளில் பஞ்சாயத்தாக இருந்தது நகராட்சி ஆயிற்று. தோல் ஷாப்புகள் வந்தன, ரைஸ் மில் வந்தது, டூரிங் கொட்டகை வந்தது. ஜனம் பெருகியது. உடனே சுகாதார விதிகள் எழுதினார்கள். எல்லா வீட்டிலும் எடுப்புக் கக்கூஸ், அதாவது ஆள் வந்து மலத்தை அள்ளிப் போகிற கக்கூஸ், கட்ட வேண்டும் என்பது ஒரு விதி. அதில் எடுத்ததை வண்டியில் ஏற்றி நகராட்சி எல்லைக்கு வெளியே கொட்ட வேண்டும் என்பது அடுத்த விதி. எல்லைக்கு வெளியே, அவ்வளவுதான். வெளியே என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று அதில் ஒரு சொல் கிடையாது.

அந்த வண்டியைத் தள்ளிய தொழிலாளர்களைப் பற்றி மட்டும் நிறைய எழுதியிருந்தார்கள். வழியில் சிந்தினால் அபராதம். நேரம் தவறினால் அபராதம். அவர்கள் கை கழுவத் தண்ணீர் எங்கே வைப்பது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. விதி எழுதியவர்களின் வீட்டு அசிங்கத்தை அள்ளிக்கொண்டு போகிறவன் கை எப்படி இருந்தால் அவர்களுக்கு என்ன?

ஊர் வளர வளர எல்லைக்கல்லைப் பிடுங்கி மேற்கே தள்ளி நட்டார்கள். பழைய கிடங்கு எல்லைக்குள் வந்துவிட்டால் அதை மண்போட்டு நிரவி மனை பிரித்து விற்றார்கள், வண்டிகள் புதிய கல்லுக்கு அப்பால் போயின. நான் அந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது கல் கானாற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. மலையிலிருந்து இறங்கும் காட்டாற்றை எங்கள் பக்கம் கானாறு என்போம். மழைக்காலத்தில் கொஞ்ச நாள் ஓடும், மற்றபடி வெறும் மணல். கல்லுக்கு அந்தப் பக்கம், கரையை ஒட்டிப் பள்ளம் வெட்டி மலத்தைக் கொட்டி மண் போட்டு மூடினார்கள். விதி சுத்தமாக நிறைவேறியது.

கிடங்குக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர் என் மேலதிகாரியான ஹெல்த் ஆபீசர். மெட்ராஸில் படித்தவர். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், ஏனென்றால் வேலையை நான் அவரிடம்தான் கற்றேன். வாந்திபேதி வந்த வீட்டுக்குள் போனால் முதலில் வாயைத் திறக்காதே, கண்ணைத் திற என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த இடத்தையும் கண்ணைத் திறந்துதான் பார்த்திருக்கிறார். சுற்றிலும் வீடு இல்லை, கிணறு இல்லை, குட்டை இல்லை, வறண்ட மணல். தோதான இடம் என்று எழுதிவிட்டார். அவர் போய்ப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுதான் வினை.

எங்கள் ஊர்ச் சந்தை சனிக்கிழமை. மலை ஊர்களுக்கு அப்போது பஸ் கிடையாது. மலைக்காரர்கள் புளியும் சாமையும் தேனும் தலைச்சுமையாகச் சுமந்து, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கானாற்று மணலில் வந்து இறங்குவார்கள். அங்கேயே கூழ் காய்ச்சிக் குடித்து, படுத்து, காலையில் சந்தைக்குள் நுழைவார்கள். சனிக்கிழமை மத்தியானம் விற்றது போக உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு மலை ஏறிவிடுவார்கள். மற்ற நாட்களில் அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது.

சித்திரை மாதம் ஒரு கோடை மழை பேயாகப் பெய்தது. கிடங்குப் பள்ளம் நிரம்பி வழிந்து கானாற்றில் இறங்கியது. அடுத்த சந்தை முடிந்து போன மலைக்காரர்கள் சிலர் வாந்திபேதியில் விழுந்தார்கள் என்று சேதி வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஊருக்குள்ளும் இரண்டு தெருவில் வந்துவிட்டது. நகராட்சிக் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். மலைக்காரன் குளிக்க மாட்டான், கண்டதைத் தின்பான், அவன்தான் நோயைக் கொண்டுவந்து சந்தையில் இறக்கிவிட்டுப் போகிறான் என்று ஒரே முடிவாக முடிவு கட்டினார்கள். மலையிலிருந்து வருகிற எவரும் மறு உத்தரவு வரை எல்லைக்கல்லைத் தாண்டக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. சேர்மன் ரைஸ் மில் முதலாளி. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் என்னையும் ஒரு கான்ஸ்டபிளையும் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அந்தப் பக்கம் புளிச்சுமையோடு மலைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற புளி, அதை விற்றால்தான் வருஷத்துக்கு உப்பு. இந்தப் பக்கம் தரகர்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளே போக முடியாத சரக்குக்கு என்ன விலை கிடைக்கும்? அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். ஆள் தாண்டக்கூடாது, புளி தாண்டலாம். நோய் புளியில் ஒட்டாது, அதைச் சுமந்து வந்தவள் மேல்தான் ஒட்டும் என்பது அன்றைய எங்கள் நகராட்சியின் விஞ்ஞானம்.

அப்போதுதான் மணலின் மேல்கோடியிலிருந்து இரண்டு பேர் ஒரு கம்பளித் தூளியைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே ஒரு பெண் ஓடிவந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் வெள்ளச்சி என்று பிறகு தெரிந்தது. தூளிக்குள் இருந்தது அவள் புருஷன் ஆண்டி. போன வாரம் சந்தைக்கு வந்தவர்களில் அவர் இல்லை. இந்த வாரம்தான் இறங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணலில் இறங்கும்வரை நல்ல ஆள், விடிவதற்குள் கண் உள்ளே போய், கை விரல் சுருங்கி, கூப்பிட்டால் முனகுகிற நிலைமை. ஆஸ்பத்திரி ஊருக்குள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.

வெள்ளச்சி அழவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ஆஸ்பத்திரிக்குப் போவணும். கயித்த அவுருங்க.”

கான்ஸ்டபிள் உத்தரவு இல்லை என்றார். அவர் மேல் தப்பு இல்லை, உண்மையிலேயே உத்தரவு இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். என் சட்டைப்பையில் தீர்மானத்தின் நகல் இருந்தது. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். அப்போது ஒன்று செய்யுங்கள். கையில் இருக்கிற விதி சரியில்லை என்றால் வேறு ஒரு விதியைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். வாந்திபேதிக்காரன் எவனையாவது நகராட்சி எல்லைக்குள் கண்டால், யாரையும் கேட்காமல் தொற்றுநோய்க் கொட்டகைக்குக் கொண்டுபோக எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எல்லைக்குள் கண்டால்தான். ஆண்டி கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தார். அந்தப் பக்கம் அவர் எனக்கு யாரும் இல்லை.

தூளிக்காரர்களைக் கயிற்றுக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வரச் சொன்னேன். கான்ஸ்டபிள் தடியை நீட்டினார். “வந்தது தப்புன்னா அப்புறம் என் மேல எழுதிக்கோங்க. இப்ப இவரு என் எல்லையில கீற நோயாளி. நீங்க தடுத்தா நோயாளியத் தடுத்ததா நான் எழுதுவேன்” என்றேன். அவர் தடியை இறக்கிக்கொண்டார்.

கொட்டகையில் சலைன் ஏற்றினோம். ஊசி குத்த நரம்பே கிடைக்கவில்லை. தாமதம் ஆகிவிட்டது. ஆண்டி மறுநாள் போய்விட்டார்.

வெள்ளச்சி உடலை மலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். முடியாது என்று நான்தான் சொன்னேன். வாந்திபேதியில் இறந்தவரை ஊர் விட்டு ஊர் தூக்கிப் போகக்கூடாது, அங்கேயே சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி சரியான விதி. தூக்கிக்கொண்டு போயிருந்தால் வழியில் இன்னும் நாலு பேர் விழுந்திருப்பார்கள். கோபம் வந்தால் எல்லா விதியையும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிக்காதீர்கள். எது ஆளைக் காப்பாற்றுகிறது, எது ஆளைத் தள்ளிவிடுகிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன், வேறு வழி இல்லை.

புதைத்துவிட்டு வந்தபிறகு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை வந்ததிலிருந்து எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்றேன். கானாற்றில்தான் என்றாள். அங்கே தண்ணீர் ஏது என்றேன்.

“கீழ கீது” என்றாள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கல்லைத் தாண்டி, கிடங்குப் பள்ளத்துக்கு நேர் கீழே கானாறு வளைகிற இடம். அதற்கு மேலே எல்லாம் பாறை, ஆழமான மணல் அங்கே மட்டும்தான். உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை வாரினாள். முழங்கை ஆழம் போனதும் ஈரம் கசிந்து, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறி நின்றது. கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருந்தது. குனிந்து முகர்ந்தேன். எனக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும், அதுதானே என் பிழைப்பு. பள்ளத்தில் கொட்டியதெல்லாம் மணலுக்குள் இறங்கி இந்த ஊற்றுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

நாற்றம் தெரிந்து யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னார்களாம். போன வருஷமே சந்தைக் குத்தகைக்காரரிடம் சொன்னார்கள், அவர் நகராட்சி ஆபீஸைக் காட்டினார். ஆபீஸில் அது எங்கள் எல்லைக்கு வெளியே, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். வெளியே இருந்த பஞ்சாயத்துக்குப் போனார்கள். கொட்டுவது நகராட்சி வண்டி, அவர்களைக் கேள் என்றார்கள். பிறகு பழகிவிட்டது என்றாள். வெயில் நாளில் வாடை அவ்வளவாக இல்லையாம்.

நான் எழுந்தேன். அவள் எழவில்லை. வாரிப் போட்ட மணலைத் திரும்பத் தள்ளி அந்தக் குழியை மூடினாள். காலால் தேய்த்துச் சமன் செய்தாள். ஏன் மூடுகிறாய் என்று கேட்டேன். திறந்து போட்டுவிட்டுப் போனால் நாய் நரி வாய் வைக்கும், மாடு மிதிக்கும். அப்புறம் வருகிறவர்கள் அதையா குடிப்பார்கள்? குடித்து முடித்தால் ஊற்றை மூடிவிட்டுத்தான் போவோம், வருகிறவர்கள் புதிதாகத் தோண்டிக்கொள்வார்கள் என்றாள். அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட மூடாமல் எழுந்து வராதாம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹெல்த் ஆபீசர் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது அங்கே ஏன் தண்ணீர் இல்லை என்று விளங்கியது. இவர்கள் சுத்தம் பார்த்து மூடிவிட்டுப் போனதால் இவர்கள் தண்ணீரே எங்கள் கண்ணுக்கு இல்லாமல் போயிற்று. குளிக்க மாட்டான், கண்டதைத் தின்பான் என்று சொன்ன ஊரின் மலம் இந்தச் சுத்தக்காரர்களின் வாயில் போய் விழுந்திருக்கிறது.

ஹெல்த் ஆபீசரை அந்த இடத்துக்கே கூட்டிப் போனேன். நானே தோண்டிக் காட்டினேன். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்தார். எந்த ஆற்று மணலைத் தோண்டினாலும் தண்ணீர் வரத்தான் வரும், அதற்காக எல்லா மணலையும் கிணறு என்று சொல்ல முடியுமா என்றார். நான் வந்து பார்த்தபோது இது இல்லை என்றார். இரண்டு தடவை சொன்னார். என் குருவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, புரிந்ததை ஒப்புக்கொண்டால் அவர் கையெழுத்து பொய்யாகிவிடும். படித்த மனிதர் ஒருவர் தன் கையெழுத்தைக் காப்பாற்றுவதற்காக எவ்வளவு தூரம் போவார் என்று அன்று பார்த்தேன். எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் பார்க்கவில்லை.

வண்டிகள் தினமும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. நான் விதியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். எல்லைக்கு வெளியே கொட்ட வேண்டும். மேற்கே என்று எங்கேயும் இல்லை. வண்டிகளை எங்கே அனுப்புவது என்று அன்றாடம் சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது. ஊரின் கிழக்கு எல்லையில், கல்லை ஒட்டிக் கொஞ்சம் புறம்போக்கு இருந்தது. அதற்கு அடுத்து ஒரு மதில். மதிலுக்குள் சேர்மனின் மாந்தோப்பும், அவர் காற்று வாங்கக் கட்டிய பங்களாவும்.

இனி அந்தப் புறம்போக்கில் கொட்டலாம் என்று வண்டிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவரிடம் சொன்னேன். “எங்க மேல திரும்பிச்சுன்னா இன்னா பண்றதுங்க? உங்கள மாத்துவாங்க, எங்கள அடிப்பாங்க” என்றார். நியாயமான பேச்சு. இடத்தையும் நாளையும் குறித்து, என் உத்தரவு என்று கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர்கள் வண்டியோடு போகும்போதெல்லாம் நானும் கூடவே நடந்தேன். பிறத்தியார் முதுகை முன்னால் நிறுத்திக்கொண்டு வீரம் காட்டாதீர்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் அவசரக் கூட்டம் கூடிவிட்டது. மலையில் ஆட்கள் விழுந்தபோது கூடாத அவசரம். சேர்மன் என்னைப் பார்த்து, திமிர் பிடித்தவன் என்று சொன்னார். விதிப்படி எல்லைக்கு வெளியேதான் கொட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். ஒரே உட்காரலில் விதியைத் திருத்தினார்கள். வீட்டுக்கோ தோப்புக்கோ கிணற்றுக்கோ பக்கத்தில் கொட்டக்கூடாது, இவ்வளவு தூரம் தள்ளித்தான் கொட்ட வேண்டும் என்று எழுதினார்கள். மணலில் தோண்டும் ஊற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுந்து கேட்டேன். உறுப்பினர்கள் சிரித்தார்கள். ஹெல்த் ஆபீசர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

கானாற்றங்கரையில் வீடு இல்லை, தோப்பு இல்லை, கிணறு இல்லை. வண்டிகள் அங்கேயே திரும்பின. இந்தத் தடவை முழுச் சட்டத்தோடு திரும்பின. எனக்கு மெமோ வந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். சிதறிய சோற்றை என் மனைவி பொறுக்கினாள்.

காலரா அடங்கி, கயிறு அவிழ்ந்தது. மலைக்காரர்கள் மறுபடி புளியோடு வந்த வெள்ளிக்கிழமை நான் கானாற்றில் போய் நின்றேன். இங்கே குடிக்காதீர்கள், குடித்தால் சாவீர்கள் என்று சொன்னேன். வெள்ளச்சி ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தோன்றிய யோசனையையும் சொன்னேன். ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கி, மூடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அப்போது அது கிணறு ஆகிவிடும். கிணறு ஆகிவிட்டால் பக்கத்தில் கொட்டக்கூடாது என்று நான் சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியும்.

வெள்ளச்சி முன்னால் வந்தாள். புருஷன் செத்த அன்றும் குரலை உயர்த்தாதவள் அன்றும் உயர்த்தவில்லை.

“நாங்க மூடிட்டுப் போறது தப்பு. நீங்க கொட்டிட்டுப் போறது சரி. இதானுங்களே உங்க சட்டம்?”

அவள் புளிச்சுமையைத் தூக்கித் தலையில் வைத்தாள். மற்றவர்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். வந்த வழியே, விற்காத புளியோடு, மலை ஏறிப் போய்விட்டார்கள். அத்தனை சுமையையும் திரும்ப ஏற்றுவது என்றால் என்ன என்று அந்தப் பாதையில் வெறுங்கையோடு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் மலைச்சரக்கு இல்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. மலையின் மறுபக்கம் இறங்கி வேறு சந்தைக்குப் போகிறார்கள், தூரம் அதிகம், ஆனாலும் போகிறார்கள் என்று தெரிந்தது. புளி மண்டிகள் காற்று வாங்கின. வெளியூர் வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டு வந்த லாரியிலேயே திரும்பினார்கள். சந்தைக் குத்தகைக்காரர் தலையில் கை வைத்தார். மண்டிக்காரர்களில் பெரியவரான ஒரு பாய் ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்து, இன்னா விஷயம், உள்ளதைச் சொல்லுங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“நம்ம கயித்துக்கு அந்தப் பக்கம் ஆள நிறுத்தி புளி வாங்கனவன்ல நானும் ஒருத்தன். இப்ப நான் சேர்மன்கிட்ட பேசறதும் என் வியாபாரத்துக்குத்தான். தர்மம்னு நெனச்சிக்காதீங்க இன்ஸ்பெக்டர் சாப்” என்றார்.

நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் உண்மையை உண்மையாகச் சொன்ன பணக்காரர் அவர் ஒருவர்தான். மண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நகராட்சி ஆபீசுக்குப் போனார்கள். விதி இரண்டாம் தடவை திருந்தியது. ‘ஆற்று மணலில் தோண்டிக் குடிநீர் எடுக்கும் இடங்களும்’ என்று சேர்த்தார்கள். எழுதியவர் ஹெல்த் ஆபீசர்தான், அழகான கையெழுத்து. கிடங்கு வடக்கே, மேட்டு நிலத்துக்குப் போயிற்று. அங்கே பக்கத்தில் யாராவது எதையாவது தோண்டிக் குடிக்கிறார்களா என்று செவ்வாய், வெள்ளி, சனி எல்லா நாளும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நான் சம்மதித்தேன்.

இப்போது உங்கள் புத்தகத்தில் இருக்கிற விதிகளைப் பாருங்கள். அந்த ஒரு விதி இரண்டு தடவை மாறியது. ஒரு தடவை சேர்மனின் மூக்குக்காக. ஒரு தடவை மண்டிக்காரர்களின் கல்லாவுக்காக. ஆண்டி செத்தார், அவருக்கு முன்னால் மலையில் எத்தனையோ பேர் பெயர் தெரியாமல் செத்தார்கள். அவர்களுக்காக ஒரு எழுத்தும் மாறவில்லை. அதனால்தான் எனக்கு இந்த வயதிலும் மாத்திரை வேண்டியிருக்கிறது. நல்ல விதி இருக்கிறதே, நகரம் முன்னேறிவிட்டதே என்று யாராவது மேடையில் பேசினால் எழுந்து போய்விடுகிறேன்.

ஐப்பசியில் நல்ல மழை. கானாறு கரை தொட ஓடி, மணலையெல்லாம் புரட்டிக் கழுவிவிட்டு அடங்கியது. கிடங்கு இடம் மாறிவிட்டது, சட்டத்திலும் எழுதியாகிவிட்டது என்று நான் மலைக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். தை மாதம் சாமை அறுப்பு முடிந்து மலைக்காரர்கள் மறுபடி எங்கள் சந்தைக்கு இறங்கினார்கள். அதே நேரத்தில் எனக்கு மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கானாற்றுக்குப் போனேன்.

வெள்ளச்சி அந்த வளைவில் உட்கார்ந்து மணலை வாரிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் பார்க்காதவள்போல வேலையை முடித்தாள். தண்ணீர் ஊறியதும் முதலில் ஊறியதை இறைத்துவிட்டு, இரண்டாவதாக ஊறியதைச் சுரைக்குடுவையில் மொண்டாள். எனக்குத்தான் நீட்டினாள். வாங்கினேன். வாங்கியவன் குடிக்காமல், என்னையறியாமல் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூக்குக்குக் கொண்டுபோனேன். தொழில் புத்தி.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன், சட்டத்துல எழுதியாச்சின்னு சொன்னீங்களே” என்றாள். “எங்க வூட்டுக்காரு குட்ச்ச எடந்தான் இது. குடிங்க.”

குடுவையை வாயில் வைத்து, காலியாகும் வரை எடுக்காமல் குடித்தேன். அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எனக்குப் பிறகு தானும் ஒரு குடுவை மொண்டு குடித்தாள். பிறகு குனிந்து ஊற்றை மூட ஆரம்பித்தாள்.